கையை நீட்டுங்கள், ஸார்!

உங்கள் வலது கையைக் கொஞ்சம் நீட்டுங்கள். பயப்பட வேண்டாம். நன்கொடை ரசீதுப் புத்தகம் எதுவும் என்னிடம் இல்லை. ரேகை பார்க்கிற உத்தேசமும் கிடையாது. உள்ளங்கை மேலே இருக்கட்டும். ஆயிற்றா?

இதோ பாருங்கள், சிவப்பாக ஓர் உருண்டை. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். பார்வைக்குக் கெட்டி, தொட்டால் மெத்து மெத்தென்று ஸ்பாஞ்சு. அதை உங்கள் கையில் வைக்கிறேன். இறுக மூடிக்கொள்ளுங்கள். இன்னும் இறுக்கமாக! என்னிடம் இதே மாதிரி இன்னோர் உருண்டை இருக்கிறது. அதை என் இடது கைக்குள் வைத்து மூடுகிறேன். ஊதுகிறேன். திறக்கிறேன். காணோம்!

எங்கே போயிற்று? என் சட்டைக் கையைப் பார்க்கிறீர்கள். அங்கே இல்லை. உங்கள் கையை மெல்லத் திறந்து பாருங்கள். ஒன்றை வைத்து மூடிய கையிலிருந்து இரண்டு உருண்டைகள் துள்ளிக்கொண்டு வெளியே வருகின்றன.

பத்திரிகைக் காகிதத்தில் இதைப் படிக்கிறபோது, "பூ! இவ்வளவுதானா?" என்று தோன்றும். நேரில் நடந்தால் அப்படித் தோன்றாது. ஐந்து வயதுக் குழந்தையும் சரி, ஐகோர்ட்டு வக்கீலும் சரி, கையைத் திறந்த அந்தக் கணத்தில் ஒரே மாதிரியாகத்தான் கூச்சல் போடுகிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. மேடையில் ஒரு பெண்ணை இரண்டாக அறுத்து ஒட்டவைத்தாலும் அது எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ, திரைக்கும் விளக்குக்கும் நடுவில் நடக்கிற காரியம். இது அப்படி அல்ல. உங்கள் சொந்தக் கைக்குள்ளே, நீங்களே கதவைச் சாத்திக் காவல் இருக்கும்போது நடந்துவிடுகிறது! "என் கண்ணையே நான் நம்பவில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். "என் கையையே நான் நம்பவில்லை" என்று யார் சொல்வது?

இந்த ஸ்பாஞ்சுப் பந்து வித்தை ரொம்பப் பழையது அல்ல. 1920-களில் ஜெஸ்ஸி லைபர்கர் என்பவர் அமெரிக்காவில் இதை வகுத்தார் என்று சொல்வது வழக்கம். பிற்பாடு ஆல்பர்ட் கோஷ்மன் (1920–1991) என்ற வித்தைக்காரர் ஸ்பாஞ்சுப் பந்துகளைத் தயாரித்து விற்பதையே ஒரு தொழிலாகச் செய்தார். அவர் வித்தை காட்டுவதிலும் பெயர் பெற்றவர். 1963-ல் ஹாலிவுட்டில் திறக்கப்பட்ட 'மாஜிக் காஸில்' என்னும் வித்தைக்காரர் மாளிகையில் அவர் ஆட்டம் பிரசித்தம். பந்து செய்கிற சரக்கு ஒன்றும் அபூர்வமானது இல்லை. 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் பாலியூரித்தேன் என்ற வஸ்துவைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் வீட்டு ஸோபாவிலும் மெத்தையிலும் அடைத்திருக்கும் நுரைப் பஞ்சு அதுதான். அதையே உருண்டையாக வெட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றினால் மாயப் பந்து!

ரகசியம் என்ன என்று கேட்பீர்கள். அமுக்கினால் சுருங்கும், விட்டால் விரியும் என்பது மட்டும் ரகசியம் அல்ல. அது உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் நான் வாய் திறக்கப் போவதில்லை. இதில் எனக்கு ஒரு பெரிய மனிதரின் சிபாரிசும் இருக்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் ஸெனகா என்று ஒரு ஞானி இருந்தார். தம் சிநேகிதருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். அதில் ஏமாறுவதுதான் அவருக்கு இன்பமாம். எப்படி என்று தெரிந்துவிட்டால் ருசி போய்விடுமாம். ஞானிகளே ஏமாறச் சம்மதிக்கும்போது நாம் எந்த மூலை!

ஸெனகா பார்த்த கிண்ண வித்தை இருக்கிறதே, ஸ்பாஞ்சுப் பந்துக்கு அதுதான் பாட்டனாருக்குப் பாட்டனார். அந்த வித்தை நம் ஊருக்கு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம். நம் பாஷையே சாட்சி. செப்பு என்றால் சிமிழ், சின்னக் கிண்ணம். குழந்தைகள் சோறாக்கி விளையாடும் செப்புச் சாமான் தெரியுமல்லவா? அந்தச் செப்புகளைக் கவிழ்த்துப் பந்தை மறைத்தும் வரவழைத்தும் ஆடுகிற ஆட்டமே செப்படி வித்தை. ஒரு வித்தையின் பெயர் எல்லாக் கண்கட்டு வித்தைக்கும் பெயராகி, கடைசியில் கணக்குப் புஸ்தகத்தில் தில்லுமுல்லு செய்கிறவனைக்கூட, "செப்படி வித்தை காட்டிவிட்டான்" என்று சொல்கிறோம். பாவம், நிஜமான செப்படி வித்தைக்காரன் யார் கணக்கிலும் கை வைத்தவன் அல்ல.

நம் நாட்டு வித்தைக்காரனுக்கு மேஜை கிடையாது. தெருவில் சம்மணம் போட்டு உட்காருவான். அவனுடைய செப்புக்கு உச்சியில் ஒரு குமிழ் உண்டு. அதை விரல் இடுக்கில் பிடித்துத் தூக்குவான். பந்து, துணியைச் சுருட்டிக் கட்டியது. எகிப்து தேசத்திலும் இவனுக்கு ஒரு பங்காளி உண்டு. கப்பலில் சீமைக்குப் போன அந்தக் காலத்துப் பிரயாணிகள், ஸூயஸ் கால்வாய்ப் பக்கம் வந்ததும் "கலி கலி கலி" என்று கூவிக்கொண்டு கப்பல் தளத்திலேயே ஏறி வித்தை காட்டியவர்களைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கிண்ணத்தைத் தூக்கினால் பந்துக்குப் பதிலாக உயிருள்ள கோழிக்குஞ்சு கீச்சுக் கீச்சென்று ஓடும்!

ஐரோப்பாவில் இந்த வித்தைக்கு ஒரு சித்திரமே இருக்கிறது. சுமார் 500 வருஷங்களுக்கு முந்தியது. ஹிரோனிமஸ் பாஷ் என்ற டச்சு ஓவியர் பெயரில் வழங்குவது. மேஜை மேல் கிண்ணங்கள், பின்னால் வித்தைக்காரன், எதிரே ஒரு மனிதர் வாயைப் பிளந்தபடி குனிந்து பார்க்கிறார். அவருக்குப் பின்னால் நிற்கிற ஆசாமியோ ஆகாயத்தைப் பார்த்தபடி அவருடைய பணப் பையைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறான்! தெரு வித்தை என்றால் ஊரார் ஏன் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

மடியைத் தடவினால் பரவாயில்லை. ஒரு காலத்தில் வித்தைக்காரன் உயிருக்கே ஆபத்து இருந்தது. சூனியக்காரர்கள் என்று சொல்லி ஆணையும் பெண்ணையும் கொன்றுகொண்டிருந்த காலம் அது. 1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர், இது என்ன அநியாயம் என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பந்து மறைவதும் காசு வருவதும் பேய் வேலை அல்ல, விரல் வேலை என்று அதில் விளக்கிக் காட்டினார். ரகசியத்தைச் சொன்னவர்தான், ஆனாலும் வித்தைக்காரர்கள் அவருக்குக் கோயில் கட்ட வேண்டும்.

அது கிடக்கட்டும். வித்தை தெரிந்துவிட்டால் தெருவில் நின்று காட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எவ்வளவு தப்பு! நாடகக் கொட்டகையில் டிக்கெட் வாங்கிய மனிதன், ஆட்டம் நன்றாக இல்லாவிட்டாலும் காசு வீணாகிறதே என்று உட்கார்ந்திருப்பான். தெருவில் நிற்கிறவனுக்கு அந்தக் கட்டு இல்லை. அவனுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். காய்கறி வாங்க வேண்டும். கையில் டெலிபோன் வேறு வைத்திருக்கிறான். அவனைக் கட்டிப்போட எந்தக் கயிறு உண்டு?

இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த கயிறு. சின்ன வயதில் சந்தையிலோ திருவிழாவிலோ மோடி வித்தை பார்த்தவர்கள் சற்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். உடுக்கை ஒலிக்கும். ஒரு கூடையில் பாம்பு, முளையில் கட்டிய ஒரு கீரி. "இதோ இப்போது பாம்புக்கும் கீரிக்கும் சண்டை!" என்று வித்தைக்காரன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்வான். நான் பார்த்த வரையில் அந்தச் சண்டை ஒரு நாளும் நடந்தது கிடையாது. நடுவில் ஒரு பையனைப் படுக்க வைத்துத் துணியால் மூடிவிட்டு, "யாரும் கையைக் கட்டாதே! கட்டின கையை அவிழ்த்துவிடு! பாதியில் போனால் ரத்தம் கக்கிச் சாவாய்!" என்று ஒரு சத்தம் போடுவான். அவ்வளவுதான். எங்கள் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கயிற்றுக்குப் பயம் என்று பெயர்.

இன்னொரு கயிறு நம்பிக்கை. 1970-களில் நியூயார்க் ஸென்ட்ரல் பார்க்கில், ஸர் வால்டர் ஸ்காட்டின் சிலையடியில், ஜெஃப் ஷெரிடன் என்பவர் தினந்தோறும் வித்தை காட்டிவந்தார். உடுக்கை இல்லை, மிரட்டல் இல்லை, வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். அவ்வளவு பெரிய நகரத்தின் அவசர ஜனங்கள் தாமாக நின்றார்கள். தெரு வித்தையைப் பற்றி அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ஒரு புத்தகமும் 1977-ல் வெளிவந்தது.

ஸ்பாஞ்சுப் பந்து இந்த இரண்டாவது கயிற்றைச் சேர்ந்தது. மிரட்டி அதைச் செய்ய முடியாது. ஏனென்றால், வித்தை நடக்க வேண்டிய இடம் வித்தைக்காரனுடையது அல்ல. முன்பின் தெரியாத ஒருவருடைய உள்ளங்கை. அவர் சம்மதித்துக் கையை நீட்டினால்தான் ஆட்டமே உண்டு. ஆகவே கெட்டிக்கார வித்தைக்காரன் எடுத்தவுடனே யாரையும் பிடித்து இழுக்கமாட்டான். முதலில் தன் கையிலேயே விளையாடிக் காட்டுவான். முன் வரிசையில் சிரிக்கிற முகம் எது என்று பார்த்துக்கொள்வான். கையைக் கட்டிக்கொண்டு, "நீ என்ன செய்வாய், நானும் பார்க்கிறேன்" என்று நிற்கிற புத்திசாலியிடம் போகமாட்டான். கூட்டம் நெருங்கி நின்றால் பின்னால் வருகிறவன் எட்டிப் பார்ப்பான் என்பதற்காக, "இன்னும் ஓரடி கிட்டே வாருங்கள்" என்பான்.

தெருவுக்கு இந்தப் பந்து பல விதத்தில் சௌகரியமானது. கீழே விழுந்தால் சத்தம் போடாது. சட்டைப்பையில் வைத்தால் புடைத்துக்கொண்டு நிற்காது. சிவப்பாக இருப்பதால் நாலாவது வரிசைக்கும் தெரியும். ஆனால் மழையில் நனைந்தால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். நாள்பட்டால் பொடிந்து உதிரும். எடையே இல்லாததால் காற்றடித்தால் கிளம்பிவிடும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

விரலைவிட முக்கியம் கண். இங்கிலாந்தில் குஸ்டாவ் குன், மைக்கேல் லாண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2006-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் பந்தை இரண்டு தரம் மேலே போட்டுப் பிடிக்கிறார். மூன்றாம் தரம் போடுவது போல் பாவனை மட்டும். பந்து கையை விட்டுக் கிளம்பவே இல்லை. ஆனால் அவர் கண் மட்டும், போன பந்தைப் பார்ப்பது போல் மேலே போகிறது. பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர், பந்து மேலே போய் மறைந்ததைக் கண்டதாகவே சொன்னார்கள்! கண்ணை மேலே கொண்டுபோகாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படிச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. ஒரு மனிதன் எங்கே பார்க்கிறானோ அங்கே பார்ப்பது நம் பிறவிக் குணம். வித்தைக்காரன் உங்களை ஏமாற்றுவது உங்கள் அசட்டுத்தனத்தால் அல்ல. இன்னொரு மனிதனுடைய கண்ணை நம்புகிற உங்கள் நல்ல குணத்தால்.

இனி, இந்தத் தொழிலில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வித்தைக்கு வருவோம். அதற்குப் பந்து வேண்டாம், தொப்பி போதும். ஆட்டம் முடிந்து தொப்பியைத் திருப்பிப் பிடிக்கிற அந்த நேரம்! அதுவரை வாயைப் பிளந்து நின்ற கூட்டம் ஒரு நொடியில் எப்படிக் கரைகிறது, தெரியுமா? ஸ்பாஞ்சுப் பந்துகூட அவ்வளவு சுத்தமாக மறையாது.

நம் பாஷையில் 'கை நீட்டுவது' என்பதற்கு ஒரு அர்த்தம் அல்ல. அடிப்பதற்கும் கை நீட்டுவது என்றுதான் பெயர். யாசிப்பதற்கும் அதே பெயர்தான். வித்தைக்காரன் கை நீட்டும்போது அது எதில் சேர்த்தி? சட்டத்துக்கே இதில் குழப்பம் இருந்திருக்கிறது. 1959-ம் வருஷத்துப் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பிச்சை என்றால் என்ன என்று விளக்கும்போது, பாடுவது, ஆடுவது, ஜோசியம் சொல்வது, வித்தை காட்டுவது முதலிய சாக்குகளில் கேட்பதையும் அதில் சேர்த்தது. டில்லிக்கும் அந்தச் சட்டம் வந்தது. டில்லியிலோ, ஷாதிப்பூரை அடுத்த கட்புத்லி காலனியில் பரம்பரை பரம்பரையாகப் பொம்மலாட்டமும் தெரு வித்தையும் செய்கிற குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. 2017-ல் அந்தக் காலனியின் வீடுகள் இடிக்கப்பட்டன. 2018 ஆகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றம், டில்லியைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் சட்டப் புத்தகத்தில் அடித்துவிட்டால் மனத்திலிருந்து போய்விடுமா?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ராமோ ஸாமி என்று ஒருவர் கொடிகட்டிப் பறந்தார். ராமசாமி என்று நாம் திருத்திப் படித்துக்கொள்ளலாம். கத்தியை விழுங்குவார், பந்துகளை வீசி ஆடுவார். சீமையே அண்ணாந்து பார்த்தது. இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி ஹாஸ்லிட் என்ற பெரிய கட்டுரையாசிரியர் 1821-ல் ஒரு கட்டுரையே எழுதினார். நான்கு பித்தளைக் குண்டுகளை அந்தரத்தில் ஆட்டுகிற அந்தத் திறமைக்கு முன்னால் தம் எழுத்து எம்மாத்திரம் என்று வெட்கப்பட்டுக்கொண்டார். அவ்வளவு புகழும் இருந்து என்ன? 1850-ல் ராமோ ஸாமி காலமானபோது, அடக்கம் செய்யக் காசில்லாமல் அவர் மனைவி பத்திரிகை மூலமாகப் பொது ஜனங்களிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. கை தட்டினவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! கை கொடுத்தவர்கள் எத்தனை பேரோ!

இப்போது என் சொந்தக் கதை.

என் பேரனுக்குப் பிறந்த நாள் பரிசாக ஒரு மாயாஜாலப் பெட்டி வந்தது. இரண்டு நாளில் அவனுக்கு அலுத்துவிட்டது. அதிலிருந்த நான்கு சிவப்புப் பந்துகள் சோபாவுக்கடியில் அனாதையாகக் கிடந்தன. ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் கண்ணாடிக்கு முன்னால் நின்று அப்பியாசம் செய்தேன். "ரிடையராகி வீட்டில் இருக்கிறவர்கள் ராமாயணம் படிப்பார்கள், தோட்டம் போடுவார்கள். நீங்கள் கண்ணாடியைப் பார்த்து விரலை மடக்கிக்கொண்டு நிற்கிறீர்களே" என்று என் மனைவி கவலைப்பட்டாள். பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டினேன். காப்பி குடித்த கடமைக்காக எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். கடமைக்கு ஆச்சரியப்படாத ஜனங்களிடம் காட்டினால்தான் வித்தை என்று தோன்றிவிட்டது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மெரினாவுக்குப் போனோம். காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி, மணலில் கைக்குட்டையை விரித்து நான்கு பந்துகளையும் வைத்தேன். "வாருங்கள், வாருங்கள்!" என்றேன். யாரும் வரவில்லை. பேரன் மட்டும் நின்றான். அவனும் ஐஸ்கிரீம் வாக்குறுதியின் பேரில்.

அப்போதுதான் கடல் காற்று அடித்தது. நான்கு பந்துகளில் ஒன்று எழும்பி, உருண்டு, ஓட ஆரம்பித்தது. நான் அதன் பின்னால் ஓடினேன். என் பின்னால் பேரன். எங்கிருந்தோ ஒரு நாய் வந்து பந்தைக் கவ்விக்கொண்டு, பத்தடி தள்ளிப் போய்ச் சாவதானமாக உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரே சிரிப்பு. திரும்பிப் பார்க்கிறேன்: முப்பது பேர் நிற்கிறார்கள்! மூன்று மாத அப்பியாசத்தால் சேராத கூட்டம் ஒரு நாயால் சேர்ந்துவிட்டது.

இருந்த மூன்று பந்துகளோடு ஆரம்பித்தேன். ஒன்று மறைந்தது, வந்தது, இரண்டாயிற்று. கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. அடுத்தபடி எனக்கு ஒரு கை வேண்டும். எதிரே ஒரு காலேஜ் மாணவனைக் கேட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான். பக்கத்தில் சுண்டல் தூக்கோடு ஒரு பையன் நின்றான். பத்து வயது இருக்கும். வியாபாரத்தை மறந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கையை நீட்டு" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. நீட்டவில்லை. கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய்விட்டான்.

"ஒன்றும் செய்யமாட்டேன் அப்பா. சும்மா நீட்டு."

"வேணாம் சார். யார்கிட்டயும் கை நீட்டக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லியிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என்ன பதில் சொல்வது? மூன்று மாதம் விரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேனே தவிர நாக்குக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் இருவர் நகரக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது என் மனைவி பின்னாலிருந்து வந்தாள். "கை நீட்ட வேணாம்டா கண்ணு. தாத்தாவோட பந்து ஒண்ணு காத்துல போயிடுச்சு பாரு. இன்னொண்ணும் போயிடப் போகுது. அதைக் கொஞ்சம் பத்திரமா வெச்சுக் குடேன். அவருக்கு உதவி பண்ணேன்" என்றாள்.

உதவி என்றதும் பையன் நிமிர்ந்தான். தூக்கைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் கொண்டுவந்தான். பந்தை வைத்தேன். கோட்டைக் கதவைச் சாத்துவது போல மூடிக்கொண்டான். என் கையிலிருந்த மற்றொன்றை மறைத்தேன். ஊதினேன். "ஓடிப்போன பந்து திரும்பி வந்ததா, பார்" என்றேன்.

திறந்தான். இரண்டு பந்துகள் துள்ளி விழுந்தன.

அவன் சத்தம் போடவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்தான்; திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தான்; பிறகு தூரத்தில் உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்தான். "அப்படின்னா அதோட வாயில இருக்கறது எது?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்தான், பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு நான் இன்னொரு மூன்று மாதம் கண்ணாடி முன்னால் நிற்கத் தயார்.

கையைக் கட்டிக்கொண்டிருந்த காலேஜ் பையன் குனிந்து என் கைக்குட்டையில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்தான். இரண்டு மூன்று பேர் நாணயம் போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஐயையோ, வேண்டாம், நான் சும்மா..." என்று எடுத்துக் கொடுக்கப் போனேன். சுண்டல் பையன் ஒரு பொட்டலத்தைக் கட்டி என்னிடம் நீட்டினான். சட்டைப்பையில் கை விட்டுக் காசை எடுத்தேன்.

"காசு வேணாம் சார். நீங்க வித்தை காட்டினீங்க இல்ல?"

"அதனால் என்ன? வியாபாரச் சரக்கை யாராவது சும்மா கொடுப்பார்களா?"

"சும்மா ஒண்ணும் குடுக்கலியே" என்றான் பையன். அவன் முகம் மறுபடியும் வாடிவிட்டது.

என் மனைவி முழங்கையால் இடித்தாள். அப்போதுதான் புரிந்தது. சற்று முன்னால் அவன் செய்ததையே இப்போது நான் செய்துகொண்டிருக்கிறேன்! இத்தனை சரித்திரம் படித்து, இத்தனை நியாயம் பேசுகிற நானும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். தெருவில் வேலை செய்து வாங்குவது கேவலம் என்ற எண்ணம் எனக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தால், ஊரில் தொப்பி நீட்டுகிறவனை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள்?

கையை நீட்டினேன். பொட்டலம் சூடாக இருந்தது.

ஆகையால், வாசகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரயிலடியிலோ, கடற்கரையிலோ, திருவிழாவிலோ ஒருவர் செப்பையோ பந்தையோ வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தால், பஸ் போனால் போகட்டும், ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கையைக் கேட்டால் தைரியமாக நீட்டுங்கள். ஆட்டம் முடிந்து அவர் நீட்டும்போது மட்டும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள். முன்னால் அவரை நம்பி நீங்கள் நீட்டினீர்கள். பின்னால் உங்களை நம்பி அவர் நீட்டுகிறார். அவ்வளவுதான் விஷயம். பிடிக்கவில்லையென்றால் கொடுக்க வேண்டாம். அது உங்கள் உரிமை. பிடித்திருந்தால் கொடுப்பது தர்மம் அல்ல, கூலி.

அன்று வசூல் 37 ரூபாய். பேரனுக்கு வாக்களித்த ஐஸ்கிரீம் 40 ரூபாய். ஆக, தொழிலில் மூன்று ரூபாய் நஷ்டம். மூலதனத்தில் ஒரு பந்து நஷ்டம். இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கைக்குட்டையின் நான்கு மூலையையும் மடித்துத் தைத்துக்கொடுத்திருக்கிறாள் என் மனைவி. நீங்கள் அந்தப் பக்கம் வந்தால் நில்லுங்கள். வாயில் சிவப்புப் பந்தோடு ஒரு நாயைக் கண்டால், நான் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாம்.